ஒத்து

மாடியில் பாஷ்க் தொடங்கிவிட்டான்.
மணி பதினொன்று பத்து.
திரானாவின் இந்தக் கட்டடத்தில்
சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.
நாலாம் மாடியில் அவன் தும்மினால்
மூன்றாம் மாடியிலிருந்து நான்
ஆயுசு நூறு சொல்லலாம்.

பகலில் அவனுக்குப் பூச்சுவேலை.
நகக்கண்ணில் சுண்ணாம்பு போகாமலே
இரவில் சிஃப்தெலியை மடியில் எடுப்பான்.
நீளக் கழுத்து, பேரிக்காய் வயிறு,
இரண்டே தந்தி.

ஒரு தந்தி ஓடும், ஏறும், தடுக்கி விழும்,
புக்கா மலையில் தொலைந்த ஆட்டைத்
தேடிப் போகிறவன் மாதிரி.
இன்னொன்று இருந்த இடத்தில் இருந்துகொண்டு
ம் என்னும்.
ம்.
ம்.

எனக்குப் பிடிக்காதது அந்த இரண்டாவதுதான்.
அது என் உத்தியோகம்.

காலை ஒன்பதுக்கு ஹெட்போனை மாட்டினால்
கடலுக்கு அக்கரையில் யாரோ ஒரு இத்தாலியரின்
மின்கட்டணம் என் கவலை.
அங்கே என் பெயர் ஜூலியா.
யெஹோனா என்றால் எதிரொலி என்று
யாருக்கு விளக்குவது.
நிச்சயமாக ஐயா. புரிகிறது அம்மா.
நீங்கள் சொல்வதுதான் சரி ஐயா.
நூற்றிருபது அழைப்புக்கும் ஒத்து ஊதிவிட்டு
வீட்டுக்கு வந்தால்
தலைக்கு மேலும் ஒத்து.

துடைப்பக் கட்டையால் கூரையை இடித்துப் பார்த்தேன்.
நிறுத்துவான். நாளை மறுபடி.

ஒரு வியாழக்கிழமை செருப்போடு ஏறிப் போனேன்
நாலு வார்த்தை நன்றாகக் கேட்க.
கதவு திறந்திருந்தது. மேசையில் ரொட்டி,
ஊறவைத்த மிளகாய், குறடு,
மல்லாந்து கிடந்தது சிஃப்தெலி.
கனத்த தந்தி அறுந்து சுருண்டிருந்தது.
'சத்தம் என்று வந்தீர்களா? இன்று இல்லை.
சைக்கிள் பிரேக் கம்பி மாட்டிப் பார்த்தேன். சேரவில்லை.'

மிச்சம் ஒன்று இருக்கிறதே, வாசி என்றேன்.
வாசித்தான்.
அதே பாட்டுதான்.
எது மேடு, எது பள்ளம் என்று பிடிபடவில்லை.
அவன் தப்பு செய்தானா என்பதே
எனக்குத் தெரியவில்லை.

'அது மட்டநூல்' என்றான் மிளகாயைக் கடித்துக்கொண்டு.
'நூல் பிடிக்காமல் பூசினால்
சுவர் வயிறு தள்ளிவிடும்.'

மூன்று இரவு குளிர்பெட்டியைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
லிஃப்டைக் கேட்டேன்.
என் காதையே கேட்டேன்.

திங்கட்கிழமை பெருஜாவிலிருந்து ஒருவர்.
மின்சாரம் போய் ஆறு மணி நேரமாம்.
எனக்கு எழுதிக் கொடுத்த தாளில்
இதற்குப் பதில் உண்டு, பக்கம் நான்கு.
அவர் அதற்குள் கணவாயைப் பற்றித் தொடங்கிவிட்டார்.
மகள் வருவாள் என்று இரண்டு கிலோ வாங்கினாராம்.
அவள் வரவில்லை.
இப்போது உருகி வழிகிறது,
இருட்டில் துடைக்கிறாராம், துணி கிடைக்கவில்லை.

நான் பக்கத்தைத் திருப்பவில்லை.
ம் என்றேன்.
ம்.
பதினொரு நிமிடம்.
அவர் எங்கெங்கோ போய்
திரும்பி வந்து, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.
மேற்பார்வைத் திரையில் என் பெயர் சிவந்தது:
ஜூலியா, விற்பனை பூஜ்யம்.

சந்தைக்குப் பின்னால் தந்தி விற்கிற கடை.
'எது வேண்டும்? பாடுவதா, சும்மா இருப்பதா?'
சும்மா இருப்பது என்று யார் சொன்னது உமக்கு
என்று சண்டைக்குப் போய்
இருபது லேக் குறைத்து வாங்கினேன்.

பாஷ்க்கின் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு
மணி அடிக்காமல் இறங்கிவிட்டேன்.

இப்போது பதினொன்று பத்து.
முறுக்குகிறான். தட்டுகிறான். முறுக்குகிறான்.
இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் அது,
இன்னும் ஒரு மயிரிழை,
ஆ, அதுதான்.

என்னை அறியாமல் துடைப்பத்தை எடுத்துக்
கூரையில் ஒரு இடி.

நிறுத்திவிட்டான் மடையன்.

இன்னொரு முறை இடிக்கிறேன்,
மெதுவாக.